தண்டனைக்கு அஞ்சிக் குற்றம் குறைகிறதா?

கொடிய குற்றம் ஒன்று வெளியே தெரியவரும்போதெல்லாம், சட்டத்தில் உள்ள தண்டனை போதாது, அதை இன்னும் கடுமையாக்க வேண்டும் என்ற குரல் எழுகிறது. அந்தக் குரலில் இரண்டு கோரிக்கைகள் கலந்திருக்கின்றன. குற்றம் செய்தவர் தாம் செய்ததற்குத் தக்க வேதனையை அனுபவிக்க வேண்டும் என்பது ஒன்று. அதைப் பார்த்து மற்றவர்கள் அத்தகைய குற்றத்தைச் செய்ய அஞ்ச வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவது நீதியைப் பற்றியது. அதன் சரி தவறுகளை அறநெறியைக் கொண்டுதான் விவாதிக்க முடியும். இரண்டாவது அப்படியல்ல. அச்சம் குற்றத்தை உண்மையிலேயே குறைக்கிறதா என்பது, நடந்தவற்றை ஆராய்ந்து விடை காண வேண்டிய கேள்வி. இக்கட்டுரை அந்த இரண்டாவது கேள்வியை மட்டுமே எடுத்துக்கொள்கிறது.

தண்டனை கிடைக்கும் என்ற அச்சத்தால் ஒருவர் குற்றத்திலிருந்து விலகி நிற்பதைக் குற்றவியலில் அச்சுறுத்தித் தடுத்தல் என்கிறார்கள். பிறருக்குக் கிடைக்கும் தண்டனையைக் கண்டு பொதுமக்கள் விலகினால் அது பொதுத் தடுப்பு. ஒருமுறை தண்டனை அனுபவித்தவரே மறுபடியும் அந்த வழிக்குப் போகாமலிருந்தால் அது தனித் தடுப்பு. இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாத வேறொன்றும் இருக்கிறது. சிறைக்குள் இருப்பவரால் வெளியே போய்த் திருட முடியாது. அவர் அஞ்சியதால் திருடவில்லை என்று சொல்ல முடியாது; அடைபட்டிருப்பதால் திருடவில்லை. ஆகவே ஒரு நாட்டில் சிறைவாசிகளின் எண்ணிக்கை பெருகியபோது குற்றம் குறைந்தது என்ற செய்தி மட்டும், அச்சம் வேலை செய்தது என்பதற்குச் சான்றாகிவிடாது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் பேசுவதால்தான் இந்த விவாதத்தில் பாதிக் குழப்பம் விளைகிறது.

தண்டனையின் அச்சத்துக்கு மூன்று கூறுகள் உண்டு என்று முதலில் தெளிவாக எடுத்துச் சொன்னவர்களுள் முக்கியமானவர் இத்தாலியின் மிலான் நகரத்தைச் சேர்ந்த சேசரே பெக்காரியா. சித்திரவதையும் கொடூரமான மரண தண்டனைகளும் ஐரோப்பா முழுவதும் சாதாரணமாக நடைமுறையில் இருந்த காலத்தில், 1764-ஆம் ஆண்டு, தமது 26-ஆம் வயதில் அவர் ஒரு சிறு நூலை வெளியிட்டார். தண்டனை எவ்வளவு கொடியது என்பதைவிட, அது தப்பாமல் கிடைக்குமா, தாமதமின்றிக் கிடைக்குமா என்பவையே மனிதர்களைக் கட்டுப்படுத்துகின்றன என்பது அவருடைய வாதம். உறுதி, விரைவு, கடுமை என்ற இந்த மூன்றையும் தனித்தனியே பிரித்துப் பார்க்காமல் ‘தண்டனை குற்றத்தைத் தடுக்குமா’ என்று கேட்டால், தெளிவான விடை கிடைக்காது. ஏனென்றால் மூன்றுக்கும் விடை வெவ்வேறு.

இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1968-இல், அமெரிக்கப் பொருளியலாளர் கேரி பெக்கர் இதையே ஒரு கணக்காக எழுதிக் காட்டினார். குற்றத்தால் வரும் ஆதாயத்தை ஒருபுறமும், பிடிபடும் வாய்ப்பையும் பிடிபட்டால் வரும் தண்டனையையும் பெருக்கி வரும் இழப்பை மறுபுறமும் வைத்துப் பார்க்கும் மனிதர், இழப்பு மிகுந்தால் விலகிவிடுவார் என்பது அதன் சாரம். அந்தக் கணக்கின்படி, 100 பேரில் 10 பேர் பிடிபட்டு ஒவ்வொருவருக்கும் 10 மாதச் சிறை கிடைப்பதும், 100 பேரில் ஒருவர் மட்டும் பிடிபட்டு அவருக்கு 100 மாதச் சிறை கிடைப்பதும் சராசரியில் ஒன்றே. அரசுக்கு இந்தச் சமன்பாடு கவர்ச்சியானது. காவலர்களை நியமித்துப் புலனாய்வை மேம்படுத்துவதைவிடச் சட்டத்தில் ஒரு வரியைத் திருத்துவது எளிது.

ஆனால் மனித மனம் இந்த இரண்டையும் ஒன்றாக எடைபோடுவதில்லை. நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதைப் பெரும்பாலோர் ‘எனக்கு நேராது’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். மேலும், சிறையின் வேதனை ஆண்டுகளோடு சீராகக் கூடுவதில்லை. கைதாகி வீட்டிலிருந்து அழைத்துச் செல்லப்படும் நாளிலேயே வேலையும் நற்பெயரும் உறவினர் முகத்தில் விழிக்கும் துணிவும் போய்விடுகின்றன. பதினைந்தாவது ஆண்டுக்கும் இருபதாவது ஆண்டுக்கும் இடையே உள்ள ஐந்து ஆண்டுகள் சட்டத்தில் பெரிதாகத் தெரிந்தாலும், இன்று இரவு ஒரு பூட்டை உடைக்கலாமா என்று யோசிப்பவரின் மனத்தில் அவற்றுக்கு எடையே இல்லை. அத்தனை தொலைவில் இருக்கும் காலத்தை நாம் யாருமே அப்படி எடைபோட்டு வாழ்வதில்லை. ஆத்திரத்திலோ போதையிலோ இருப்பவரிடம் அதை எதிர்பார்ப்பது இன்னும் கடினம்.

அப்படியானால் தண்டனையின் அச்சமே வீண் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அச்சம் முற்றிலும் நீங்கும்போது என்ன நேர்கிறது என்பதை வரலாறு சில முறை காட்டியிருக்கிறது. 1944 செப்டம்பரில், டென்மார்க்கை ஆக்கிரமித்திருந்த ஜெர்மானியப் படை அந்நாட்டுக் காவல்துறையினரைக் கைது செய்தது. பலர் முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். போர் முடியும்வரை அங்கே முறையான காவல்துறை இல்லை. அந்தக் காலத்தில் கொள்ளையும் திருட்டும் பல மடங்கு பெருகின. இதில் நாம் நின்று கவனிக்க வேண்டியது வேறொரு விவரம்: கையாடல், மோசடி போன்ற குற்றங்கள் அதே அளவில் பெருகவில்லை. கையாடலில் குற்றம் வெளிப்பட்டாலே செய்தவர் யார் என்பதும் வெளிப்பட்டுவிடும். அவரைக் கண்டுபிடிக்க ரோந்துக் காவலர் தேவையில்லை. இருட்டில் வழிமறிப்பவருக்கோ, காவல்துறை இல்லையென்றால் பிடிபடும் வாய்ப்பே ஏறக்குறைய இல்லாமற்போகிறது. பிடிபடும் வாய்ப்பு எங்கே சரிந்ததோ அங்கே குற்றம் பெருகியது. எங்கே சரியவில்லையோ அங்கே அது பெரிதாக மாறவில்லை.

கனடாவின் மாண்ட்ரியல் நகரத்தில் 1969 அக்டோபர் 7 அன்று காவல்துறையினர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சுமார் 16 மணி நேரமே அது நீடித்தது. அதற்குள் வங்கிகள் கொள்ளையிடப்பட்டன, கடைவீதியில் கண்ணாடிகள் உடைக்கப்பட்டுப் பொருள்கள் சூறையாடப்பட்டன, இராணுவத்தை அழைக்க வேண்டியதாயிற்று. சட்டத்தில் கொள்ளைக்கு எழுதியிருந்த தண்டனை முந்தின நாள் இருந்தபடியேதான் இருந்தது.

ஆக, யாரும் பிடிக்க வரமாட்டார்கள் என்ற நிலைக்கும், பிடிக்க ஆள் உண்டு என்ற நிலைக்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. ஆனால் காவலர்களின் எண்ணிக்கையையோ ரோந்தையோ கூட்டிக்கொண்டே போனால் அச்சமும் கூடிக்கொண்டே போகும் என்று எண்ணிவிட முடியாது. அமெரிக்காவின் கேன்சஸ் சிட்டி நகரத்தில் 1972-73-இல் நடந்த ஒரு சோதனையில், 15 ரோந்துப் பகுதிகள் மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டன. ஒரு வகையில் வழக்கமான ரோந்து நிறுத்தப்பட்டு, அழைப்பு வந்தால் மட்டும் காவலர் வண்டி சென்றது. இன்னொன்றில் ரோந்து இரண்டு மூன்று மடங்காக்கப்பட்டது. மற்றொன்று பழையபடி விடப்பட்டது. ஓராண்டு முடிவில் மூன்று வகைப் பகுதிகளுக்கும் இடையே குற்றத்தில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. ரோந்து கூட்டப்பட்டதையோ குறைக்கப்பட்டதையோ அங்கு வாழ்ந்த மக்களே பெரும்பாலும் உணரவில்லை என்பது ஆய்வில் தெரிந்தது. உணரப்படாத மாற்றம் யாரையும் அச்சுறுத்த முடியாது. அதற்குப் பிறகு மினியாபொலிஸ் நகரத்தில், குற்றங்கள் திரும்பத் திரும்ப நடக்கும் 110 இடங்களைத் தேர்ந்து, அவற்றில் பாதியில் மட்டும் காவலர்களைக் கண்ணில் படும்படி அடிக்கடி நிற்கவைத்தார்கள். 1995-இல் வெளியான அந்த ஆய்வில், காவலர் நின்ற இடங்களில் அழைப்புகளும் ஒழுங்கீனமும் குறைந்திருந்தன. நகரம் முழுவதும் வண்டிகள் சுற்றிவருவதைக் காட்டிலும், எந்த மூலையில் தவறு நடக்கிறதோ அந்த மூலையில் ஒரு சீருடை தெரிவது பயன் தந்தது.

இங்கிருந்து நாம் தெரிந்துகொள்வது, அச்சத்தை உண்டாக்குவது உண்மையான வாய்ப்பைவிட, குற்றம் செய்யக்கூடியவர் அதைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதே. பிரிட்டனில் 1967 அக்டோபரில், குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவர்களை மூச்சுச் சோதனையால் கண்டறியும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பெரும் விளம்பரத்தோடு அது தொடங்கியது; சோதனையில் சிக்கினால் உரிமம் போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. தொடக்கத்தில் வார இறுதி இரவுகளில் விபத்துகளில் இறப்போர், காயமடைவோர் எண்ணிக்கை சுமார் மூன்றில் இரண்டு பங்கு சரிந்தது. ஆனால் சில ஆண்டுகளில் அந்தப் பலன் கரைந்துபோயிற்று. சட்டம் மாறவில்லை, தண்டனையும் மாறவில்லை. மதுக்கடையிலிருந்து வீட்டுக்கு ஓட்டிச் சென்ற ஒருவர், முதல் மாதத்தில் ஒவ்வொரு திருப்பத்திலும் காவலரை எதிர்பார்த்தார். பல மாதங்கள் யாரும் நிறுத்தாமல் வீடு சேர்ந்த பிறகு, தம்மை நிறுத்தும் வாய்ப்பு மிகக் குறைவு என்று அனுபவத்தால் கற்றுக்கொண்டார். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1982 டிசம்பரில் இதே நோக்கத்தோடு தொடங்கிய திட்டம் வேறு வழியில் சென்றது. எந்தச் சந்தேகமும் இல்லாமலே எந்த ஓட்டுநரையும் நிறுத்திச் சோதிக்கலாம் என்று விதித்து, ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோரைச் சாலையில், பிறர் பார்க்கும்படி சோதித்தார்கள். அங்கே சாவுகளின் சரிவு நீடித்தது.

உறுதியைப் பற்றிய சான்றுகள் இப்படி ஓரளவு ஒரே திசையைக் காட்டுகின்றன. கடுமையைப் பற்றிய சான்றுகள் அவ்வளவு நேரானவை அல்ல. நேர்மையாகச் சொன்னால், கடுமைக்கும் சில இடங்களில் பலன் உண்டு. இத்தாலி 2006-இல் சிறைகளின் நெரிசலைக் குறைக்க இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஒரே நேரத்தில் விடுவித்தது. ஒரு நிபந்தனை மட்டும் இருந்தது: ஐந்து ஆண்டுகளுக்குள் மறுபடியும் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட குற்றம் செய்தால், புதிய தண்டனையோடு முன்பு அனுபவிக்காமல் விட்ட மிச்சத் தண்டனையும் சேர்ந்துகொள்ளும். ஒருவருக்கு மிச்சம் இரண்டு மாதமாக இருக்கும். இன்னொருவருக்கு முப்பது மாதமாக இருக்கும். விடுதலை நாள் ஒன்றே என்பதால், இந்த வேறுபாடு ஏறக்குறைய தற்செயலானது. ஆய்வாளர்களுக்கு இதைவிட நல்ல இயற்கையான சோதனை அரிது. மிச்சத்தில் ஒவ்வொரு மாதம் கூடும்போதும் மறுபடியும் குற்றம் செய்யும் வாய்ப்பு சுமார் 1.3 விழுக்காடு குறைந்திருந்தது. ஆனால் நீண்ட காலம் சிறையில் இருந்துவிட்டு வந்தவர்களிடம் இந்த அச்சம் மங்கிக் காணப்பட்டது.

கலிபோர்னியாவில் 1994-இல் வந்த சட்டம் இன்னும் கடுமையானது. கடுங்குற்றங்களுக்காக இருமுறை தண்டனை பெற்றவர் மூன்றாவது முறை எந்தப் பெருங்குற்றம் செய்தாலும் 25 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை என்று அது விதித்தது. அந்த விளிம்பில் நின்றவர்களை, ஏறக்குறைய அதே பின்னணி இருந்தும் வழக்கின் முடிவால் அந்த விளிம்புக்கு வராமல் தப்பியவர்களோடு ஒப்பிட்டு 2007-இல் வெளியான ஆய்வு, முன்னவர்கள் கைதாகும் விகிதம் 17 முதல் 20 விழுக்காடு குறைவாக இருப்பதைக் கண்டது. அது புறக்கணிக்கக்கூடிய எண் அல்ல. அதே ஆய்வாளர்கள், இதற்காகச் சிறைகளில் பல பத்தாண்டுகள் செய்ய வேண்டிய செலவைக் கணக்கிட்டு, அந்தப் பணத்தைக் காவல்துறைக்குச் செலவிட்டிருந்தால் தடுத்திருக்கக்கூடிய குற்றங்கள் அதிகம் என்றும் எழுதினார்கள். 2012-இல் கலிபோர்னிய வாக்காளர்களே அச்சட்டத்தைத் தளர்த்தினார்கள். மறுபுறம், புளோரிடா மாநிலத்தில் 18 வயது நிறைந்த நாளிலிருந்து தண்டனை திடீரென்று பல மடங்கு கடுமையாகிறது. அந்தப் பிறந்தநாளுக்கு முன்னும் பின்னும் இளைஞர்கள் செய்யும் குற்றங்களை ஒப்பிட்ட ஆய்வு, மிகச் சிறிய சரிவையே கண்டது. குற்றங்களில் பெரும்பங்கைச் செய்பவர்கள் இளைஞர்களே என்பதை நினைத்தால், இந்த முடிவுக்குக் கூடுதல் மதிப்புத் தர வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

கடுமைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அது உறுதியையே தின்றுவிடக்கூடியது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் 200-க்கும் மேற்பட்ட குற்றங்களுக்கு மரண தண்டனை விதிக்க முடிந்தது. குடியிருக்கும் வீட்டிலிருந்து 40 ஷில்லிங் அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள பொருளைத் திருடுவதும் அவற்றுள் ஒன்று. நடுவர் குழுவில் உட்கார்ந்திருந்த சாதாரண மனிதர்கள், ஒரு வெள்ளிப் பாத்திரத்துக்காக ஓர் உயிரைத் தூக்குமேடைக்கு அனுப்ப மனமில்லாமல், பொருளின் மதிப்பு 39 ஷில்லிங் என்று தீர்ப்பெழுதினார்கள். அதைவிடப் பல மடங்கு மதிப்புள்ள பொருள் என்று அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தும் அப்படி எழுதினார்கள். பலர் புகார் கொடுக்கவே தயங்கினார்கள். பொய்யாவணக் குற்றத்துக்கு மரண தண்டனை இருப்பதால் நடுவர்கள் குற்றவாளிகளை விடுவித்துவிடுகிறார்கள், எங்கள் சொத்துக்குப் பாதுகாப்பு இல்லை, ஆகவே அந்தத் தண்டனையைக் குறையுங்கள் என்று 1830-இல் வங்கியாளர்களே நாடாளுமன்றத்துக்கு விண்ணப்பித்தார்கள். பாதிக்கப்படக்கூடியவர்களே தண்டனையைக் குறைக்கச் சொன்னதற்குக் காரணம் இரக்கம் மட்டுமல்ல. கடுமை கூடக் கூடத் தண்டனை கிடைக்கும் உறுதி தேய்ந்ததை அவர்கள் தங்கள் கணக்குப் புத்தகத்தில் கண்டார்கள்.

மரண தண்டனையைப் பற்றி இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நிறைவேற்றப்படும் ஒவ்வொரு மரண தண்டனையும் ஏழு, எட்டுக் கொலைகளைத் தடுக்கிறது என்று அமெரிக்கப் பொருளியலாளர் ஐசக் எர்லிக் 1975-இல் கணக்கிட்டுக் காட்டியபோது பெரும் விவாதம் எழுந்தது. அதற்குப் பின் வந்த ஆய்வுகளில் சில அதை ஆதரித்தன, சில மறுத்தன, சில எதிர்த்திசையில் சென்றன. 2012-இல் அமெரிக்காவின் தேசிய ஆய்வு மன்றம் அமைத்த குழு, அதுவரை வந்த ஆய்வுகள் எந்தப் பக்கத்துக்கும் சான்றாகப் பயன்படுத்தத் தக்கவை அல்ல என்று முடிவு கூறியது. மரண தண்டனை இல்லாவிட்டால் நீண்ட சிறைத்தண்டனை இருக்கிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். கேட்க வேண்டிய கேள்வி, ஆயுள் சிறைக்கு அஞ்சாத ஒருவர் தூக்குக்கு மட்டும் அஞ்சுவாரா என்பதே. கனடா 1976-இல் மரண தண்டனையை ஒழித்தது. அதன் பிறகு அங்கே கொலை விகிதம் உயரவில்லை, காலப்போக்கில் குறைந்தது. குறைந்ததற்கு ஒழிப்பே காரணம் என்று சொல்வது தவறு. ஆனால் ஒழித்தால் கொலைகள் பெருகும் என்ற எச்சரிக்கை அங்கே பலிக்கவில்லை.

விரைவைப் பொறுத்தவரை, அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில் 2004-இல் தொடங்கிய ஒரு முயற்சி புகழ்பெற்றது. நன்னடத்தைக் கண்காணிப்பில் விடப்பட்டவர்கள் போதைப்பொருள் சோதனையில் தவறினால், பல மாதத் தவறுகளைச் சேர்த்துவைத்து ஒருநாள் பல ஆண்டுச் சிறைக்கு அனுப்புவதற்குப் பதிலாக, ஒவ்வொரு தவறுக்கும் உடனே சில நாள் சிறை என்று நீதிபதி ஸ்டீவன் ஆல்ம் மாற்றியமைத்தார். அங்கு நடந்த மதிப்பீட்டில் மறுபடியும் கைதாவோர் எண்ணிக்கை பெரிதும் குறைந்திருந்தது. அதே முறையை வேறு நான்கு மாநிலங்களில் சோதித்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஓரிடத்தில் நன்றாக நடந்த திட்டத்தை அப்படியே எடுத்துவைத்தால் எங்கும் நடக்கும் என்று நம்புபவர்கள் இந்த இரண்டாம் பகுதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தண்டனை எதிர்பாராத திசையிலும் வேலை செய்யும். இஸ்ரேலின் ஹைஃபா நகரத்தில் 10 குழந்தைக் காப்பகங்களில், பிள்ளைகளை அழைத்துச் செல்லத் தாமதமாக வரும் பெற்றோர் மீது, அவற்றில் சிலவற்றில் மட்டும் அபராதம் விதித்துப் பார்த்தார்கள். 2000-இல் வெளியான அந்த ஆய்வின்படி, அபராதம் வந்த காப்பகங்களில் தாமதம் ஏறக்குறைய இரண்டு மடங்காயிற்று. அபராதத்தை நீக்கிய பிறகும் அது குறையவில்லை. ஆசிரியரைக் காக்கவைக்கிறோமே என்ற கூச்சம் அதுவரை பெற்றோரைக் கட்டுப்படுத்தியிருந்தது. பணம் கட்டலாம் என்றானதும் தாமதம் விலைக்கு வாங்கக்கூடிய ஒரு வசதியாகிவிட்டது. இது குற்றமல்ல என்றாலும், பெரும்பாலோர் சட்டத்தை மதிப்பது சிறைக்கு அஞ்சி மட்டுமல்ல, தவறு என்று தாம் கருதுவதாலும் பிறர் முகத்தில் எப்படி விழிப்பது என்ற எண்ணத்தாலும்தான் என்பதை இது நினைவூட்டுகிறது. சிறு குற்றத்துக்குச் சிறை சென்று வருபவரிடம் வேலையும் மதிப்பும் ஏற்கெனவே பறிபோயிருக்கின்றன. இழப்பதற்கு எதுவும் மிச்சமில்லாதவரை அடுத்த தண்டனை எவ்வளவு அச்சுறுத்தும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். வழிதவறும் சிறுவர்களைச் சிறைக்குள் அழைத்துச் சென்று அங்குள்ளவர்களைக் கொண்டு மிரட்டவைக்கும் திட்டங்கள் அமெரிக்காவில் பரவலாக இருந்தன. அவற்றை முறையாக ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, அப்படி மிரட்டப்பட்ட சிறுவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகக் குற்றம் செய்தது தெரியவந்தது.

பிடிபடும் உறுதியைக் கூட்டுவது என்றால் காவலர்களைக் கூட்டுவது என்று மட்டும் பொருள் கொள்வதும் குறைபாடானதே. குற்றம் நடந்தது என்று யாராவது சொன்னால்தான் பிடிபடும் வாய்ப்பு என்ற ஒன்றே உருவாகிறது. சொல்பவர்கள் பெரும்பாலும் பாதிக்கப்பட்டவர்களும் கண்ணால் கண்டவர்களும்தான். வீட்டுக்குள் நடக்கும் வன்முறையிலும் பாலியல் குற்றங்களிலும் பெரும்பகுதி எந்த நாட்டிலும் புகாராக வருவதில்லை. குற்றம் செய்தவர் தந்தையாகவோ கணவராகவோ குடும்பத்துக்குச் சம்பாதித்துத் தருபவராகவோ இருக்கும்போது, சட்டத்தில் உள்ள தண்டனை மிகக் கடுமையானதாக இருந்தால், வாய் திறக்கத் தயங்குபவரின் தயக்கம் இன்னும் கூடக்கூடும். துணிந்து வந்தவரை அலையவிட்டாலோ, விசாரணையில் அவமானப்படுத்தினாலோ, சாட்சி சொன்னவர் மிரட்டப்படுவதைத் தடுக்காவிட்டாலோ, அடுத்தவர் வரமாட்டார். அதைக் குற்றம் செய்பவர்களும் நன்கு அறிவார்கள். புகாரைப் பரிவோடு பதிவு செய்யும் அலுவலர், தடயங்களைக் காலத்தில் ஆராய்ந்து தரும் ஆய்வகம், சாட்சிக்குப் பாதுகாப்பு, தேங்கிக் கிடக்காமல் நகரும் வழக்கு ஆகிய அனைத்துக்கும் ஆண்டுதோறும் பணம் ஒதுக்க வேண்டும். தண்டனையை இரட்டிப்பாக்கும் சட்டத்திருத்தத்துக்கு அது நிறைவேறும் நாளில் செலவு ஏதும் தெரிவதில்லை. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, குற்றம் செய்யும் வயதைக் கடந்து முதுமையடைந்த கைதிகளைப் பராமரிக்கும் சிறைகளின் வரவுசெலவில்தான் அது தெரியவரும்.